அபினிசார் வலிநீக்கிகளும் மாயத்தோற்றங்களும்

அபினிசார் வலிநீக்கிகளால் ஏற்படும் மாயத்தோற்றம் என்பது, மார்பின், டிரமடால், பென்டசோசின் முதலிய அபினிசார் (ஓபியாய்டு) மருந்துகளைப் பெறும் ஒருவர், உண்மையில் இல்லாத உருவத்தையோ ஒலியையோ தொடுகையையோ இருப்பதாக உணரும் பக்க விளைவு ஆகும். மலச்சிக்கல், குமட்டல், தூக்கக் கலக்கம் ஆகிய பக்க விளைவுகளோடு ஒப்பிடும்போது இது அரிதாகவே பதிவாகிறது. தம்மைப் பைத்தியம் என்று எண்ணிவிடுவார்களோ என அஞ்சி நோயாளிகள் பலர் இதை வெளியே சொல்வதில்லை. அதனால் உண்மையான அளவு பதிவாவதைவிடக் கூடுதலாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

இப்பக்க விளைவு பெரும்பாலும் சரிசெய்யத்தக்கது. மருந்தின் அளவைக் குறைத்தல், வேறு மருந்துக்கு மாற்றுதல், உடலின் நீரிழப்பைச் சரிசெய்தல் ஆகியவற்றால் பொதுவாகச் சில நாட்களில் நீங்கிவிடும். ஆனால் காரணம் அறியாமல் வலிநீக்கியை முற்றிலும் நிறுத்திவிட்டால், புற்றுநோய் போன்றவற்றால் துன்புறும் நோயாளி மீண்டும் கடும் வலிக்குள் தள்ளப்படுகிறார். விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்கள் போன்ற வறண்ட நிலப்பகுதிகளில் வெப்பமும் நீரிழப்பும் இவ்விளைவைத் தூண்டக்கூடியவை என்பதால் இதை அறிந்திருத்தல் கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

சொல்விளக்கம்

புறத்தூண்டல் ஏதும் இல்லாமலேயே புலன்களில் ஒன்று ஒரு பொருளை உணர்வது மாயத்தோற்றம் எனப்படும். வெறும் சுவரில் எறும்புகள் ஊர்வதாகக் காண்பது இதற்கு எடுத்துக்காட்டு. இதனோடு தொடர்புடைய வேறு மூன்று நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும்.

- திரிபுக்காட்சி: உண்மையில் இருக்கும் பொருளை வேறொன்றாகக் காணுதல். கயிற்றைப் பாம்பெனக் காண்பது இவ்வகை.
- மருட்சி: சான்றுகள் எதிராக இருந்தும் மாறாத தவறான நம்பிக்கை. மருமகள் சோற்றில் நஞ்சு கலக்கிறாள் என நம்புவது இவ்வகை.
- டெலிரியம் எனப்படும் கடுங்குழப்ப நிலை: நாள், இடம், ஆள் அறியாமை, கவனச் சிதறல், பிதற்றல் ஆகியவை திடீரெனத் தோன்றி, நாளின் வெவ்வேறு வேளைகளில் கூடிக் குறைவது. மக்கள் வழக்கில் "ஜன்னி கண்டுவிட்டது" என்று கூறப்படுவது பெரும்பாலும் இந்நிலையே.

அபினிசார் மருந்துகளால் இவை யாவும் ஏற்படலாம். நினைவு தெளிவாக இருக்கும்போதே மாயத்தோற்றம் மட்டும் தனியே தோன்றுவதும் உண்டு. அத்தகையோர் தாம் காண்பது உண்மையன்று என்பதையும் பலவேளைகளில் அறிந்தே இருப்பர்.

வரலாறு

அபினி என்பது கசகசாச் செடியின் முதிராத காயைக் கீறினால் வடியும் பால் உலர்ந்து கிடைப்பதாகும். செருமானிய மருந்தாளர் பிரீட்ரிக் செர்டியூர்னர் 1804-1805 காலப்பகுதியில் அபினியிலிருந்து அதன் முதன்மை வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார். 1817 இல் அவர் வெளியிட்ட விரிவான கட்டுரை பரவலான கவனத்தைப் பெற்றது. கிரேக்கத் தொன்மத்தில் கனவுகளின் கடவுளான மார்பியசின் பெயரையொட்டி அப்பொருளுக்கு அவர் பெயரிட்டார். மார்பின் என்னும் பெயரிலேயே கனவு இடம்பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது.

ஆங்கில எழுத்தாளர் தாமசு டி குவின்சி 1821 இல் வெளியிட்ட தன் அபினிப் பழக்கம் பற்றிய நூலில், அதனால் விளைந்த அச்சமூட்டும் கனவுகளையும் காட்சிகளையும் விரிவாகப் பதிவு செய்தார்.

மருத்துவ ஆய்வில் இத்தொடர்பு தெளிவாக வெளிப்பட்டது 1954 இல் ஆகும். அமெரிக்க ஆய்வாளர்கள் லூயி லசாக்னாவும் என்றி பீச்சரும் நலோர்பின் என்னும் மருந்தைச் சோதித்தபோது, அது வலியைக் குறைப்பதையும், அதேவேளை சிலருக்கு அச்சமூட்டும் மனக்காட்சிகளைத் தோற்றுவிப்பதையும் கண்டனர். இதனால் அம்மருந்து வலிநீக்கியாகப் பயன்பாட்டுக்கு வரவில்லை. 1973 இல் மூளையில் அபினி ஏற்பிகள் இருப்பது மெய்ப்பிக்கப்பட்டது. 1975 இல் உடலே உருவாக்கும் அபினியொத்த பொருள்களான என்கெபலின்கள் கண்டறியப்பட்டன.

இயங்குமுறை

இவ்விளைவுக்கு ஒரே ஒரு காரணம் இல்லை. கீழ்க்காணும் வழிகள் தனித்தோ சேர்ந்தோ செயல்படுவதாகக் கருதப்படுகிறது.

ஏற்பிகள்

அபினிசார் மருந்துகள் முதன்மையாக மியூ, கப்பா, டெல்ட்டா என்னும் மூவகை ஏற்பிகளில் இணைகின்றன. பூட்டுக்கும் திறவுகோலுக்கும் உள்ள பொருத்தம் போன்றது இது. மியூ ஏற்பியே வலிநீக்கத்துக்கு முதன்மையானது. கப்பா ஏற்பி தூண்டப்படும்போது வலி குறைவதோடு மனச்சோர்வும் மாயத்தோற்றமும் ஏற்படலாம். மெக்சிக்கோவில் வளரும் சால்வியா வகைச் செடி ஒன்றிலுள்ள சால்வினோரின்-ஏ என்னும் பொருள் கடும் மாயத்தோற்றங்களைத் தருவது. அது கப்பா ஏற்பியிலேயே குறிப்பாக இணைகிறது என்பது 2002 இல் கண்டறியப்பட்டது. பென்டசோசின் மருந்துக்கு மாயத்தோற்ற இடர் இருப்பதும் இந்த ஏற்பியின் வழியாகவே எனக் கருதப்படுகிறது.

நரம்புக்கடத்திகள்

அபினிசார் மருந்துகள் மூளையின் சில பகுதிகளில் டோபமின் அளவை உயர்த்துகின்றன. அசிட்டைல்கோலின் செயல்பாட்டைக் குறைக்கின்றன. இவ்விரு மாற்றங்களும் டெலிரியத்தோடு தொடர்புடையவை. டிரமடால் கூடுதலாகச் செரட்டோனின், நோரட்ரினலின் ஆகியவற்றின் மீள் உறிஞ்சலையும் தடுக்கிறது.

சிறுநீரகப் பாதிப்பில் தேங்கும் விளைபொருள்கள்

நடைமுறையில் மிக முக்கியமானது இவ்வழியாகும். உட்கொண்ட மார்பினின் பெரும்பகுதியைக் கல்லீரல் இரு விளைபொருள்களாக மாற்றுகிறது. அவற்றுள் மார்பின்-6-குளுக்குரோனைடு வலிநீக்கும் தன்மையுடையது. அதைவிடக் கூடுதலாக உருவாகும் மார்பின்-3-குளுக்குரோனைடு வலியை நீக்குவதில்லை. மாறாக, நரம்புயிரணுக்களைக் கிளர்ச்சியுறச் செய்வதாகக் கருதப்படுகிறது. இவ்விரண்டும் சிறுநீர் வழியாகவே வெளியேற வேண்டும்.

ஒரு தொட்டியில் நீர் விழும் வேகமும் வெளியேறும் வேகமும் சமமாக இருக்கும்வரை மட்டம் உயராது. வெளியேறும் மடை அடைபட்டால், விழும் நீரின் அளவு மாறாதபோதும் தொட்டி நிரம்பி வழியும். அதுபோலவே, மாதக்கணக்கில் ஒரே அளவு மார்பினை நலமாக எடுத்துவந்த ஒருவருக்கு, சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவுடன் அதே அளவே மிகையாகிவிடுகிறது. "மாத்திரையைக் கூட்டவில்லையே, பின் எப்படி?" என்னும் குடும்பத்தாரின் கேள்விக்கு இதுவே விடை.

மருந்து வாரியாக

- மார்பின்: புற்றுநோய் வலிக்கான முதன்மை மருந்து. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களிடம் விளைபொருள் தேக்கத்தால் இடர் கூடுகிறது.
- டிரமடால்: இந்தியாவில் பரவலாக எழுதித் தரப்படுவது. மாயத்தோற்றம், வலிப்பு ஆகியவை அறியப்பட்ட பக்க விளைவுகள். சில மனச்சோர்வு மருந்துகளோடு சேரும்போது செரட்டோனின் மிகைப்பால் குழப்பம், நடுக்கம், காய்ச்சல் ஆகியவை ஏற்படலாம்.
- பென்டசோசின்: இந்திய மருத்துவமனைகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் ஊசி மருந்து. மாயத்தோற்ற இடர் கூடியது.
- கோடீன்: இருமல் மருந்துகளிலும் இடம்பெறுவது. கல்லீரல் இதன் ஒரு பகுதியை மார்பினாக மாற்றுகிறது. இம்மாற்றத்தின் வேகம் மரபியல்படி ஆளுக்கு ஆள் வேறுபடும்.
- பென்டனில்: தோலில் ஒட்டும் பட்டையாகவும் கிடைப்பது. இதன் விளைபொருள்கள் பெரிதும் செயலற்றவை என்பதால் சிறுநீரகப் பாதிப்பில் மார்பினைவிடப் பாதுகாப்பானது. எனினும் பட்டையின் மீது வெப்பம் பட்டால் மருந்து வேகமாக உறிஞ்சப்படும். வெயிலில் இருத்தல், வெந்நீர் ஒத்தடம், காய்ச்சல் ஆகியவற்றின்போது எச்சரிக்கை தேவை.
- பியூப்ரெனார்பின், மெத்தடோன்: சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு மாற்றாகக் கருதப்படுபவை. மெத்தடோனின் அளவைக் கணிப்பது கடினம் என்பதால் பயிற்சி பெற்ற மருத்துவரே தர வேண்டும்.

அறிகுறிகள்

மாயத்தோற்றம் திடீரெனத் தோன்றுவதாகக் காணப்பட்டாலும், அதற்கு முன்போ உடனோ வேறு அறிகுறிகள் இருப்பதுண்டு. மிகத் தெளிவான, அச்சமூட்டும் கனவுகள். கை கால்கள் தாமாகத் திடீரென வெட்டி இழுத்தல். லேசாகத் தொட்டாலும் வலித்தல். பகலில் மிகுந்த தூக்கம். காற்றில் எதையோ பிடிப்பதுபோலக் கை அசைத்தல் ஆகியவை அவற்றுள் சில. இவை தொகுப்பாக அபினிசார் நரம்பு நச்சுமை எனப்படுகின்றன.

காட்சி வடிவிலான மாயத்தோற்றங்கள் பரவலாகப் பதிவாகியுள்ளன. பூச்சிகள், விலங்குகள், அறையில் நிற்கும் மனிதர்கள் முதலியன காணப்படலாம். தோலில் ஏதோ ஊர்வது போன்ற உணர்வும் உண்டு. மருந்து தொடங்கிய முதல் நாட்கள், அளவைக் கூட்டிய நாட்கள், உடல்நிலை திடீரென மாறிய நாட்கள் ஆகியவற்றில் இவை தோன்றும் வாய்ப்பு மிகுதி.

இங்கு ஒரு பொறி உள்ளது. மருந்து மிகையால் தொடுவதே வலிக்கும் நிலையில் நோயாளி முனகுவதைக் கண்டு, நோய் முற்றிவிட்டது என எண்ணி மருந்தின் அளவை மேலும் கூட்டினால் நிலைமை மோசமாகும்.

பிற காரணங்களிலிருந்து வேறுபடுத்தல்

வலிநீக்கி எடுத்துக்கொள்பவர் இல்லாததைக் காண்கிறார் என்பதாலேயே வலிநீக்கிதான் காரணம் என முடிவு செய்துவிடக் கூடாது.

- மது விலகல்: நாள்தோறும் குடித்துவந்தவர் எலும்பு முறிவுக்காகவோ தீக்காயத்துக்காகவோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், மது நின்ற இரண்டு மூன்று நாட்களில் நடுக்கம், வியர்வை, பூச்சிகளைக் காணல் ஆகியவை தோன்றலாம். இது உயிராபத்தானது. குடிப்பழக்கத்தை மருத்துவரிடம் மறைப்பதால், பழி வலி ஊசியின்மீது விழுந்து உரிய சிகிச்சை தாமதமாகும்.
- ஊமத்தை: கரிசல் நிலத்துச் சாலையோரங்களில் தானாக வளரும் இச்செடியில் அட்ரோபின், சுகோபோலமின் ஆகியவை உள்ளன. இழைப்பு முதலியவற்றுக்குக் கைமருந்தாக இதனைப் பயன்படுத்துவோர் உள்ளனர். ஊமத்தை நஞ்சில் கண்மணி அகன்று, தோலும் வாயும் வறண்டு, நாடித்துடிப்பு விரையும். அபினிசார் மருந்து மிகையில் கண்மணி குண்டூசி முனைபோலச் சுருங்கியிருக்கும்.
- பிற மருந்துகள்: தீக்காயச் சிகிச்சையிலும் அறுவையிலும் பயன்படும் கெட்டமின், தூக்க மருந்துகள், ஸ்டீராய்டுகள்.
- உடல்நிலைக் காரணங்கள்: தொற்று, காய்ச்சல், சோடியம் குறைதல், சர்க்கரை குறைதல், புற்றுநோயில் சுண்ணாம்புச் சத்து மிகுதல், மூளைக்குப் பரவிய புற்று.
- பார்வை இழப்பு: கண்புரை முதலியவற்றால் பார்வை மங்கிய முதியோருக்கு, மனநலம் சீராக இருக்கும்போதே காட்சிகள் தோன்றலாம். இது சார்லசு பொனே நோய்க்கூட்டறிகுறி எனப்படும்.
- இறுதிக்காலக் காட்சிகள்: இறப்பை நெருங்கியவர் மறைந்த தாயையோ கணவரையோ காண்பதாகக் கூறுவது உலகின் பல பண்பாடுகளிலும் பதிவாகியுள்ளது. அபினிசார் மருந்து எடுக்காதவர்களுக்கும் இது நிகழ்கிறது. நோயாளி தெளிவாகவும் அமைதியாகவும் இருந்தால் இதற்கு மருந்து தேவையில்லை. அருகிருந்து கேட்டாலே போதும்.

கையாளும் முறை

பொதுவாக மருத்துவர்கள் கீழ்க்காணும் வரிசையைப் பின்பற்றுகின்றனர்.

1. நீரிழப்பைச் சரிசெய்தல், தொற்று, சிறுநீரகச் செயல்பாடு, இரத்த உப்புகள் ஆகியவற்றைச் சோதித்தல்.
2. தேவையற்ற பிற மருந்துகளை நிறுத்துதல்.
3. வலி கட்டுக்குள் இருந்தால் அபினிசார் மருந்தின் அளவைக் குறைத்தல்.
4. வலி தொடர்ந்தால் வேறோர் அபினிசார் மருந்துக்கு மாற்றுதல். இது மருந்துச் சுழற்சி எனப்படும். 1990களில் கனடா நாட்டு ஆய்வுகளின் வழியாக இம்முறை பரவலானது.
5. அச்சுறுத்தும் காட்சிகள் நீடித்தால் ஆலோபெரிடால் போன்ற மருந்தைக் குறைந்த அளவில் சில நாட்கள் தருதல்.

குடும்பத்தார் செய்யத்தக்கவையும் உள. நோயாளியோடு வாதிடாமல், அவரது அச்சத்தை ஏற்று ஆறுதல் கூறலாம். இரவில் சிறு விளக்கை எரியவிடலாம்; கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியவற்றை அணிவிக்கலாம். எப்போது தொடங்கியது, அன்று எவ்வளவு நீர் குடித்தார், எத்தனை முறை சிறுநீர் கழித்தார், வேறென்ன மாத்திரை எடுத்தார் என்பவற்றைக் குறித்துவைத்தல் மருத்துவருக்குப் பேருதவியாகும். மருந்தைத் தாமாகத் திடீரென நிறுத்தக் கூடாது. அவ்வாறு நிறுத்தினால் வலியோடு வியர்வை, வயிற்றுப்போக்கு, உடல் உளைச்சல் ஆகிய விலகல் அறிகுறிகளும் சேரும். ஆனால் எழுப்பினாலும் எழாத உறக்கம், மிக மெதுவான மூச்சு, உதடு நீலமாதல் ஆகியவை காணப்பட்டால் அடுத்த வேளை மருந்தைத் தராமல் உடனே 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டாரத்தில்

குண்டாற்றின் கரையிலுள்ள திருச்சுழியும், நெசவுக்கும் நூற்பாலைகளுக்கும் பெயர்பெற்ற அருப்புக்கோட்டையும் வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய்களையும் நம்பியுள்ள வறண்ட நிலப்பகுதியில் அமைந்துள்ளன. பருத்தி, சிறுதானியம், பயறு ஆகிய மானாவாரிப் பயிர்களும், சீமைக் கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுதலும் இங்கு வாழ்வாதாரங்களாகும். கோடையில் கடும் வெப்பத்தில் உழைப்போருக்கு நீரிழப்பு பொதுவானது. வெப்பத்தில் உழைக்கும் வேளாண் மக்களிடையே காரணம் அறியப்படாத நாள்பட்ட சிறுநீரக நோய் காணப்படுவது ஆந்திரப் பிரதேசத்தின் உத்தானம், இலங்கையின் வடமத்திய மாகாணம் ஆகிய பகுதிகளில் நன்கு பதிவாகியுள்ளது.

இச்சூழலில் மாயத்தோற்றம் எவ்வாறு உருவாகலாம் என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். எலும்புக்குப் பரவிய புற்றுநோயால் வீட்டில் படுத்திருக்கும் முதியவர் ஒருவர் மூன்று மாதங்களாக மார்பின் மாத்திரையால் வலியின்றி உறங்குகிறார். சித்திரை மாத வெயிலில், எழுந்து சிறுநீர் கழிக்கச் சிரமம் என்பதால் நீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்கிறார். மூட்டு வலிக்காக மருந்துக்கடையில் வாங்கிய டைக்லோபினாக் மாத்திரையும் சேர்கிறது. இவ்வகை மாத்திரை, நீரிழந்த உடலில் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். நான்காம் நாள் இரவு, கட்டிலுக்கடியில் ஆட்டுக்குட்டிகள் நிற்பதாகவும் அவற்றை ஓட்டுமாறும் கூறுகிறார். மாத்திரையின் அளவு மாறவில்லை, மடை அடைபட்டுவிட்டது.

தென்மாவட்டச் சிற்றூர்களில் இத்தகைய நிகழ்வைக் காற்று கருப்பு அண்டியதாகக் கருதிக் கோடாங்கியிடம் குறி கேட்பதும், திருநீறு இடுவதும் வழக்கம். திருநீறு இடுவதால் மருந்துக்கு இடையூறு ஏதும் இல்லை. அது நோயாளிக்கு மன ஆறுதலும் தரலாம். இடர் விளைவது, அதனோடு மாத்திரையை நிறுத்தும்போதும், நீர் தராமல் நோன்பு இருக்கச் செய்யும்போதும், மருத்துவரிடம் கூறாமல் நாள் கடத்தும்போதும் ஆகும்.

அருகிலுள்ள சிவகாசி வட்டாரத்தின் பட்டாசு ஆலை வெடிவிபத்துகளில் தீக்காயமுற்றோருக்கும் வலுவான வலிநீக்கிகள் தேவைப்படுகின்றன. அத்தகையோரிடம் தோன்றும் காட்சிகளுக்கு மருந்து, தொற்று, நீரிழப்பு ஆகியவற்றோடு விபத்தின் நினைவு மீண்டும் மீண்டும் எழுவதும் காரணமாகலாம்.

உயர் சிகிச்சைக்கு இப்பகுதி மக்கள் நெடுங்காலமாகச் சுமார் 50 கி.மீ. தொலைவிலுள்ள மதுரை அரசு இராசாசி மருத்துவமனையை நாடிவந்துள்ளனர். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறந்துவைக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 2021 ஆகத்து 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு தேடிச் சென்று அளிக்கப்படும் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் அடங்கும். வீட்டுக்கு வரும் செவிலியரிடமோ சுகாதாரப் பணியாளரிடமோ கனவு, காட்சி, கை வெட்டி இழுத்தல் ஆகியவற்றைத் தயங்காமல் கூறுதல் நன்று.

இந்தியச் சட்டநிலை

கசகசாச் செடியை உரிமம் பெற்றுப் பயிரிடுதல் மத்தியப் பிரதேசம், இராசசுத்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் மட்டும் அனுமதிக்கப்படுகிறது. 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டம் கடுமையான தண்டனைகளை விதித்தது. அதன்பின் மருத்துவப் பயன்பாட்டுக்கான மார்பினும் கிடைப்பதரிதாகி, புற்றுநோயாளிகள் பெரிதும் துன்புற்றனர். 1993 இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் தொடங்கப்பட்ட வலிநிவாரண ஆதரவுச் சங்கம் இந்நிலையை மாற்ற முன்னின்றது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான மருத்துவர் எம். ஆர். இராசகோபால் தொடர்ந்து சட்டத் திருத்தத்துக்காக உழைத்தார். 2014 இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்பின், பென்டனில், மெத்தடோன், கோடீன், ஆக்சிகோடோன், ஐதரோகோடோன் ஆகிய ஆறும் இன்றியமையாப் போதைமருந்துகளாக 2015 இல் அறிவிக்கப்பட்டு, ஏற்பளிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் அவற்றை வைத்திருக்க வழி எளிதாக்கப்பட்டது. டிரமடால் 2018 இல் இச்சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது.

மறுபுறம், டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளைப் போதைக்காகத் தவறாகப் பயன்படுத்துவது தமிழ்நாட்டில் அண்மைய ஆண்டுகளில் சிக்கலாகியுள்ளது. இத்தகைய பயன்பாட்டில் மூச்சு நின்று இறக்கும் இடர் உள்ளது. மருத்துவக் கண்காணிப்பில் வலிக்காக மருந்து பெறும் நோயாளியை இதனோடு ஒன்றாக எண்ணுதல் பிழையாகும்.

பரவலான தவறான கருத்துகள்

- "மார்பின் கொடுத்தால் புத்தி மாறிவிடும்." மாயத்தோற்றம் மருந்தின் தற்காலிக விளைவு, மனநோயின் தொடக்கம் அன்று.
- "ஒருமுறை இப்படி ஆனால் இனி வலி மருந்தே கூடாது." பெரும்பாலோருக்கு அளவு மாற்றமோ மருந்து மாற்றமோ போதுமானது.
- "சமையலில் சேர்க்கும் கசகசா மாயத்தோற்றம் தரும்." விதையில் அபினியின் வேதிப்பொருள்கள் மிக நுண்ணிய அளவிலேயே ஒட்டியிருக்கும். குழம்பில் சேர்க்கும் அளவால் இவ்விளைவு ஏற்படுவதில்லை.

இக்கட்டுரை பொதுத் தகவலுக்கானது; மருத்துவ ஆலோசனைக்கு மாற்றாகாது.

இவற்றையும் பார்க்க

- அபினி
- மார்பின்
- டெலிரியம்
- வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சை
- ஊமத்தை
- நாள்பட்ட சிறுநீரக நோய்
- விருதுநகர் மாவட்டம்